உருக்குவதற்கு முன் விளிம்பைப் படித்துவிடுங்கள்

சென்னையில் பழைய வெள்ளி வாங்கும் கடைக்காரர்களுக்கும், அடகுக்கடை நடத்துபவர்களுக்கும், காயலான்கடை அண்ணன்களுக்கும், பல்லாவரம் சந்தையில் தார்ப்பாய் விரித்து உட்காருபவர்களுக்கும், நாணயமும் மெடலும் சேர்க்கும் நண்பர்களுக்கும்,

வணக்கம்.

உங்கள் தராசுக்கு அடிக்கடி வந்து போகும் ஒரு பொருளைப் பற்றித்தான் இந்த மடல். வட்ட வடிவம், நல்ல வெள்ளி, ஒரு பக்கம் கிரீடம் இல்லாத ராஜா தலை, மறு பக்கம் குதிரை மேல் உடம்பில் துணியில்லாமல் ஓர் ஆள். மேலே ரிப்பன் கோக்க நேரான கம்பி ஒன்று இருக்கும், பல நேரம் ஒடிந்துதான் வரும். பழைய ராஜா தலை ரூபாய் 11.66 கிராம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இது அதில் இரண்டரை மடங்குக்குக் குறையாது. எடை போட்டு, விலை பேசி, காசை எண்ணிக் கொடுத்து, அறுந்த கொலுசு, நசுங்கிய குங்குமச் சிமிழ், அரைஞாண் கொடி எல்லாவற்றோடும் சேர்த்து ஒரே டப்பாவில் போட்டுவிடுவீர்கள், சாயங்காலம் அது வெள்ளி உருக்கும் மூசைக்குப் போய்விடும். அதற்குப் பெயர் பிரிட்டிஷ் வார் மெடல். முதல் உலகப் போரில் வேலை செய்தவர்களுக்குக் கொடுத்தது. அதன் விளிம்பில், காசுக்குக் கோடு போட்டிருக்கும் இடத்தில், பொடி எழுத்தில் ஒருவருடைய பெயர் இருக்கிறது. அதைப் படிக்காமல் உருக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

எங்கள் வீட்டு மெடல் கொலுசாகிவிட்டது. 1980, தை மாதம், அத்தைக்குக் கல்யாணம். உலகம் முழுக்க வெள்ளி விலை எகிறிக் கிடந்த நேரம் அது. தாத்தா பெரம்பூர் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர், வீட்டில் ஐந்து பிள்ளைகள், பெண்ணுக்குக் காலில் போட ஒரு ஜோடி கொலுசாவது வேண்டும், புது வெள்ளி வாங்கக் கையில் பணமில்லை. தன் அப்பா விட்டுப்போன மெடலையும் பாட்டியின் பழைய தண்டையையும் தெருக்கோடி ஆசாரியிடம் கொடுத்துவிட்டார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை, அந்த இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். அத்தைக்கு இப்போது அறுபத்தெட்டு வயது. அந்தக் கொலுசு கருத்து, பூட்டுத் தேய்ந்து, பீரோவில் ஒரு மஞ்சள் துணியில் கிடக்கிறது. கொடுத்துவிட்டுப் புதுசு மாற்றலாம் என்று மருமகள் சொன்னபோது அத்தை தரவில்லை. "எங்க தாத்தா இதுல இருக்காருடா, கால்ல போட்டு நடந்த பாவமே போதும்" என்றார். அதைக் கையில் வாங்கி நான் எத்தனை முறை திருப்பித் திருப்பிப் பார்த்திருப்பேனோ தெரியாது. எங்கே போய்த் தேடுவது, எழுத்து உருகிவிட்டதே.

மிச்சம் இருந்தது ரிப்பன் மட்டும். ஒரு பழைய பஞ்சாங்கத்துக்குள் மடித்து வைத்திருந்தார்கள், சுண்டு விரல் நீளம். நடுவில் அகலமாக ஆரஞ்சு, அதற்கு இரு பக்கமும் மெல்லிசாக வெள்ளை, அப்புறம் கறுப்பு, ஓரத்தில் நீலம். அந்த நிறங்களை வைத்துத்தான் அது எந்த மெடல் என்றே எனக்குத் தெரிந்தது. அதுவரை வீட்டில் இருந்த வரலாறு மூன்றே சொல்தான்: "பசராவுக்குப் போனார், வந்தார்." பசரா என்றால் இன்றைய ஈராக்கில் இருக்கும் பஸ்ரா, அந்தக் காலத்து மெசபொடேமியாப் போர்முனை. எந்தப் படை, எந்த வருஷம் சேர்ந்தார், சிப்பாயா நாயக்கா, ஒன்றும் தெரியாது. தாத்தாவும் போய்ச் சேர்ந்துவிட்டார், கேட்க ஆளில்லை.

கொள்ளுத்தாத்தாவைத் தேடுகிறேன் என்று சொன்னால் சென்னையில் எல்லோரும் சொல்லும் முதல் யோசனை, நந்தம்பாக்கம் போர்க் கல்லறைக்குப் போய்ப் பார். போனேன். மவுண்ட்-பூந்தமல்லி சாலையில், வெளியே பஸ் இரைச்சல் இருந்தாலும் உள்ளே போனால் புல்லும் கல்லும் அவ்வளவு ஒழுங்காக, மனசு தானாக அடங்கிவிடும். ஆனால் அங்கே இருப்பவை பெரும்பாலும் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இந்தப் பக்கம் இறந்தவர்களின் கல்லறைகள், 850க்கும் மேல். முதல் போர்க்காலத்தில் இந்தியாவில் ஆங்காங்கே இறந்து புதைக்கப்பட்டவர்களுக்கும் அங்கே ஒரு நினைவுச் சுவர் உண்டு. கடல் கடந்து போய் உயிரோடு திரும்பி ஊரில் வயசாகி இறந்த ஒரு சிப்பாயின் பெயர் அங்கே இருக்க வழியில்லை. காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் பட்டியல் இறந்தவர்களுக்கானது. திரும்பி வந்தவர்களுக்குக் கல் இல்லை.

சரி, லண்டனில் இருக்கும் என்றார்கள். அங்கே கியூ என்ற இடத்தில் இருக்கும் பிரிட்டிஷ் அரசு ஆவணக் காப்பகத்தில் முதல் போருக்கான மெடல் அட்டைகள் லட்சக்கணக்கில் இருப்பது உண்மை, காசு கட்டி வீட்டிலிருந்தே பார்க்கலாம். ஆனால் அவை பிரிட்டிஷ் படையினருடையவை; இந்திய அதிகாரிகள் சிலர் அகப்படலாம், சாதாரணச் சிப்பாய் அகப்படுவது அபூர்வம். நம் ஆட்களின் தனிப் பதிவேடுகளை லண்டனுக்கு அனுப்பவில்லை, அந்தந்த ரெஜிமென்டின் டெப்போவிலேயே வைத்திருந்தார்கள். அந்த ரெஜிமென்டுகளின் கதையோ பெரிய குழப்பம். 1922ல் பழைய மதராஸ் காலாட்படைகள் பலவற்றை ஒன்றாகக் கட்டி மூன்றாம் மதராஸ் ரெஜிமென்ட் என்று ஆக்கினார்கள். அடுத்த சில வருஷத்தில் செலவைக் குறைக்க வேண்டும் என்று அதன் பட்டாலியன்களைக் கலைத்து, 1928க்குள் கணக்கை முடித்துவிட்டார்கள். மதராஸ் பயனீர் படையை 1933ல் கலைத்தார்கள். இரண்டாம் போர் வந்து ஆள் தேவைப்பட்டபோதுதான் மதராஸ் ரெஜிமென்டை மறுபடியும் எழுப்பினார்கள். நடுவில் கைமாறிய காகிதங்கள் என்ன ஆகியிருக்கும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். இந்த நிலையில் ஒருவரைத் தேட வேண்டுமென்றால் ரெஜிமென்ட் பெயரும் அதில் அவருக்குக் கொடுத்த எண்ணும் வேண்டும். வெறும் பெயரை வைத்துக்கொண்டு ஒரு அடி நகர முடியாது.

ஏன் என்று கேட்பீர்கள். முனுசாமி என்று ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு எழுதிய குமாஸ்தா அதை ஆங்கிலத்தில் முனிசாமி என்று எழுதுவார், மூனிஸாமி என்பார், முனிஸ்வாமி என்பார், ஒரே ஆளையே இரண்டு காகிதத்தில் இரண்டு விதமாக எழுதியிருப்பார். இனிஷியல் இருக்காது. ஒரு பட்டாலியனில் எட்டு முனுசாமி இருந்தால் எண்ணை வைத்துத்தான் பிரிப்பார்கள். ஊர்ப் பெயர் இருந்தாலும் மாவட்டம் பழையது. என் கொள்ளுத்தாத்தாவின் ஊர் இன்றைக்கு ராணிப்பேட்டை மாவட்டம். அது 2019ல் வேலூரிலிருந்து பிரிந்தது, வேலூரோ 1989 வரை வட ஆற்காடு. பழைய காகிதத்தில் ராணிப்பேட்டை மாவட்டம் என்று தேடினால் எதுவும் வராது, நார்த் ஆற்காட் என்று தேட வேண்டும். இதைக் கண்டுபிடிக்கவே எனக்கு மாதக்கணக்கில் ஆனது. உங்களில் யாராவது தேடிக்கொண்டிருந்தால் அந்த நேரமாவது மிச்சமாகட்டும்.

கல்லைப் பற்றிச் சொன்னேன் இல்லையா, அதில் ஒன்று என் மனசை விட்டுப் போகவே இல்லை. வேலூர் லாங் பஜாரில் மணிக்கூண்டு இருக்கிறது, பலபேர் அதன் கீழே நின்று பஸ்ஸுக்கும் ஆட்டோவுக்கும் காத்திருந்திருப்பீர்கள். அதில் ஒரு கல்வெட்டு: இந்த ஊரிலிருந்து 277 பேர் பெரும்போருக்குப் போனார்கள், அவர்களில் 14 பேர் உயிரைக் கொடுத்தார்கள். அவ்வளவுதான். அந்த 277 பேரில் ஒருவருடைய பெயரும் இல்லை. இதே மாதிரி எண்ணிக்கை மட்டும் போட்ட கல் இந்தியா முழுக்கப் பல ஊர்களில் உண்டு. சரி, இது ஊர்க் கல், இடமில்லாமல் விட்டிருப்பார்கள் என்று நினைத்தால், பஸ்ராவில் 40,000க்கும் மேற்பட்டவர்களுக்காக எழுப்பிய பெரிய நினைவிடத்திலும் அதே கதைதான். அதிகாரிகளுக்குப் பெயர் பொறித்தார்கள். இந்தியச் சிப்பாய்களுக்கு ரெஜிமென்ட் பெயரையும் அதற்குக் கீழே எத்தனை பேர் என்ற எண்ணையும் போட்டு நிறுத்திக்கொண்டார்கள். இப்படி ஆளுக்கு ஆள் வேறுபாடு காட்டியது தவறு என்று போர்க் கல்லறை ஆணையமே 2021ல் அறிக்கை வெளியிட்டு வருத்தம் தெரிவித்தது. ஆக, எத்தனையோ கல்லில் எண்ணிக்கைதான் இருக்கிறது. நம் ஊர்ச் சிப்பாய்க்குப் பெயர் பொறித்துக் கொடுத்தது அந்தப் போர் மெடல்களில்தான், அதுவும் விளிம்பில். உங்கள் கடையில் மூசைக்குப் போவது அந்தப் பெயர். இதைப் புரிந்துகொண்டால் மிச்சத்தை நான் எழுதவே வேண்டியதில்லை, ஆனாலும் பல்லாவரத்துக் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

இரண்டு வருஷம் முன்பு, ஒரு வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணி இருக்கும், வெயில் ஏற ஆரம்பித்துவிட்டது. பல்லாவரம் பழைய டிரங்க் ரோட்டில் பூட்டு, சாவிக்கொத்து, ஃபேன் ரெகுலேட்டர், உடைந்த ரேடியோ விற்கும் வரிசை. ஒரு பிளாஸ்டிக் தட்டில் பழைய காசுகளுக்கு நடுவே காது ஒடிந்த ஒரு வெள்ளி வட்டம். கையில் எடுத்ததும் கனத்திலேயே தெரிந்துவிட்டது. விளிம்பில் கட்டை விரல் நகத்தை வைத்து மெதுவாகச் சுற்றினேன், நகம் தட்டித் தட்டிப் போனது, எழுத்து இருக்கிறது. போனில் டார்ச் போட்டுப் பக்கவாட்டில் பிடித்துப் பெரிதாக்கிப் பார்த்தால் நான்கு இலக்க எண், அடுத்து சிப்பாய் என்ற பதவி, பெயர், அப்புறம் கர்நாடிக் இன்ஃபன்ட்ரி. நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். என் கொள்ளுத்தாத்தா இல்லை, பெயர் வேறு. ஆனால் யாரோ ஒருவருடைய கொள்ளுத்தாத்தா.

"அண்ணே, இது எங்கேர்ந்து வந்துச்சு?"

"தாம்பரம் பக்கம் ஒரு வீட்டைக் காலி பண்ணாங்க சார், மூட்டையோட எடுத்தது. ராஜா காலத்து வெள்ளி, எடைக்குத்தான் தரேன்."

"எந்தத் தெருன்னு ஞாபகம் இருக்கா?"

யோசித்தார். உண்மையிலேயே யோசித்தார், எனக்கு அவர் முகம் இன்னும் ஞாபகம் இருக்கிறது. அவருக்கு ஞாபகம் இல்லை. வாரத்துக்கு நான்கு வீடு காலி செய்து எடுப்பவர், எப்படி இருக்கும்? மெடலை வாங்கிக்கொண்டேன். பெயர், எண், படை மூன்றும் கையில் இருக்கின்றன. அதே எண்ணும் படையும் பெயரும் கொண்ட யாரும் கல்லறை ஆணையத்தின் பட்டியலில் அகப்படவில்லை, எனவே உயிரோடு திரும்பியவர் என்று நினைக்கிறேன். தாம்பரம், சேலையூர், பெருங்களத்தூர் என்று தெரிந்தவர்களிடமெல்லாம் சொல்லி வைத்திருக்கிறேன். குடும்பம் இன்னும் கிடைக்கவில்லை. என்னிடம் குடும்பம் இருக்கிறது, எண் இல்லை. இந்த மெடலுக்கு எண் இருக்கிறது, குடும்பம் இல்லை. அந்த வீட்டில் மூட்டை கட்டும்போது ஒரே ஒரு கேள்வி கேட்டு, ஒரு துண்டுச் சீட்டில் தெருப் பெயர் எழுதிப் போட்டிருந்தால் இந்த இரண்டில் ஒன்றாவது முடிந்திருக்கும்.

அதனால் கடைக்காரர்களிடம் என் கோரிக்கை ரொம்பச் சின்னது. இப்படி ஒன்று வந்தால் உருக்குவதற்கு முன் விளிம்பைப் போனில் படம் எடுங்கள். ஒரே படத்தில் சுற்று முழுக்க வராது, கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி நான்கு படம் எடுத்தால் போதும், இரண்டு நிமிஷ வேலை. விற்க வந்தவரிடம் "இது யார் வாங்கின மெடல்?" என்று கேளுங்கள். விலாசம் கேட்டால் திருட்டுப் பொருளோ என்று சந்தேகப்படுவதாக நினைத்து அவர்கள் முகம் சுருங்கிப்போகும், அது எனக்குத் தெரியும். கஷ்டத்தில் விற்க வருபவரைக் கேள்வி கேட்டுக் குடைய வேண்டாம். இந்தக் கேள்வி அப்படி இல்லை, கேட்டால் பேசுவார்கள். சொல்வதை, ஊர்ப் பெயரோடு, உங்கள் நோட்டில் ஒரு வரி எழுதுங்கள். முடிந்தால் விளிம்பில் இருக்கும் பெயரை அவர்களுக்கே வாசித்துக் காட்டுங்கள். விற்க வரும் பலருக்கு அதில் பெயர் இருப்பதே தெரியாது. அயனாவரத்தில் ஒரு அடகுக்கடைக்காரர் லென்ஸ் வைத்துப் படித்து ஒரு பாட்டிக்கு உரக்கச் சொன்னாராம், அது அவர் மாமனார் பெயர், பாட்டி மெடலைத் திருப்பி முந்தானையில் முடிந்துகொண்டு போய் மறுநாள் குத்துவிளக்கைக் கொண்டுவந்து வைத்தாராம். இதை எனக்குச் சொன்னது அத்தையின் பக்கத்து வீட்டுக்காரர். அந்தக் கடைக்காரர் இதைப் படித்தால் அவருக்கு என் நன்றி. அன்றைக்கு வியாபாரமும் நடந்தது, பெயரும் பிழைத்தது.

படிக்கும்போது ஒரு விஷயம். கர்நாடிக் என்று இருந்தால் கர்நாடகா, கன்னடக்காரர் மெடல் என்று தள்ளிவிடாதீர்கள். ஆற்காட்டு நவாப் காலத்தில் கர்நாடகம் என்று சொன்னது நம் சீமையைத்தான். 75, 79, 80, 83, 86, 88 என்று எண் போட்ட படைகள் எல்லாம் மதராஸ் படைகள், இந்தப் பக்கத்துத் தமிழர், தெலுங்கர், மலையாளிகள் இருந்தவை. அதில் 83 மட்டும் வாலாஜாபாத் லைட் இன்ஃபன்ட்ரி. 63 என்றால் பாலம்கோட்டா லைட் இன்ஃபன்ட்ரி, நம் பாளையங்கோட்டைதான், 1914 நவம்பரில் கிழக்கு ஆப்பிரிக்காவின் டாங்காவில் கப்பலில் இருந்து இறங்கிச் சண்டை போட்டவர்கள். 61, 64, 81 பயனீர் படைகள், ரோடு போட்டு, பள்ளம் வெட்டி, சண்டையும் போட்டவர்கள். எஸ் அண்ட் எம் என்று இருந்தால் சாப்பர்ஸ் அண்ட் மைனர்ஸ், பட்டாளத்தின் இன்ஜினியர் படை. 1780ல் இதே ஜார்ஜ் கோட்டையில் ஆரம்பித்த படை, இன்றைக்குப் பெங்களூர் அல்சூர் ஏரிக்கரையில் இருக்கிறது, அங்கே சிப்பாய்களை இன்னும் தம்பி என்றுதான் கூப்பிடுகிறார்கள். மெடலில் சாப்பர் எண் தெரிந்த குடும்பம் பெங்களூருக்கு எழுதலாம், மதராஸ் ரெஜிமென்ட் என்றால் குன்னூர் பக்கம் வெலிங்டனுக்கு. இதையெல்லாம் அந்தக் குடும்பத்திடம் சொல்ல நீங்கள் மிலிட்டரி வரலாறு படித்திருக்க வேண்டியதில்லை, விளிம்பில் இருப்பதை ஒரு காகிதத்தில் அப்படியே எழுதிக் கொடுத்தால் போதும்.

வெள்ளி மட்டும் என்று நினைக்க வேண்டாம். பித்தளை, வெண்கலக் கூடையில் போவதுதான் எனக்கு இன்னும் பயம். வெள்ளியில் இந்த வார் மெடலை சுமார் 65 லட்சம் அடித்தார்கள். தொழிலாளர் படையினருக்கு இதையே வெண்கலத்தில் கொடுத்தார்கள், அது சுமார் 1,10,000தான், அதில் இந்தியர்களும் உண்டு. மூட்டை தூக்கப் போன ஏழை மனிதருடைய மெடல் அது, காயலான்கடைக்கு வந்தால் கிலோக் கணக்கில் போகும். இறக்கை வைத்த தேவதை படம் போட்ட விக்டரி மெடலும் அப்படித்தான். இரண்டாம் போருக்கு ஆறுமுனை நட்சத்திரம், பித்தளை நிறம், நடுவில் கிரீடம். பர்மா ஸ்டார், ஆப்பிரிக்கா ஸ்டார், இத்தாலி ஸ்டார் என்று அதிலேயே எழுதியிருக்கும். நாடகக் கம்பெனி சாமான் என்று ஒருவர் எனக்கு விற்கப் பார்த்தார். நம் ஆட்களுக்குக் கொடுத்த நட்சத்திரங்களில் சிலவற்றின் பின்பக்கம் எண்ணும் பெயரும் பொறித்திருப்பதை நானே பார்த்திருக்கிறேன், எனவே திருப்பிப் பாருங்கள். இந்தியா வரைபடம் போட்ட வெள்ளை மெடல் 1939 முதல் 1945 வரை இந்தியாவில் வேலை பார்த்தவர்களுக்கு. சுதந்திரத்துக்கு அப்புறம் வந்த பூர்வி ஸ்டார், பச்சிமி ஸ்டார், சங்கிராம் மெடல் எல்லாம் 1971 போருக்கு. அவற்றின் சொந்தக்காரர்கள் இன்னும் உயிரோடு, ஆவடியிலோ பரங்கிமலையிலோ பென்ஷன் வாங்கிக்கொண்டு இருக்கக்கூடும்.

சேகரிக்கும் நண்பர்களுக்கு. உங்களால்தான் பல மெடல்கள் மூசைக்குப் போகாமல் தப்பியிருக்கின்றன, அதை மறுக்கவே மாட்டேன். நீங்கள் விளிம்பைப் படிக்கத் தெரிந்தவர்கள். அதனால்தான் உங்களிடம் கொஞ்சம் உரிமையோடு கேட்கிறேன். ஒரே ஆளுக்குச் சேர்ந்து வந்த மூன்று மெடலைத் தனித்தனியாகப் பிரித்து விற்காதீர்கள். வெள்ளி ஒரு ஊரிலும் நட்சத்திரம் இன்னொரு ஊரிலும் இருந்தால் அந்த மனிதர் எங்கெங்கே சண்டை போட்டார் என்ற கதையே கிழிந்துபோகிறது. புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்காதீர்கள், மேலேறிய கறுப்போடு எழுத்தும் கரையும். பெயரை அராவித் தேய்த்துவிட்டு வேறு பெயர் போடும் ஆட்களிடம் வாங்காதீர்கள். பெயர் அழிந்த மெடலுக்கு உங்கள் சந்தையிலேயே விலை குறைவு என்று உங்களுக்குத் தெரியும். ஒரு விஷயம், 1972 தொல்பொருள் சட்டப்படி நூறு வருஷம் கடந்த வரலாற்றுப் பொருளை அனுமதி இல்லாமல் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. முதல் போர் மெடல்கள் அந்த வயசைத் தாண்டிவிட்டன. வெளிநாட்டு ஏலத்துக்குத் தபாலில் போடும் முன் இதை யோசியுங்கள். சட்டத்தை விடுங்கள், குடும்பம் தேடி வந்தால் நியாயமான விலைக்கு முதல் உரிமை அவர்களுக்கு என்று ஒரு வழக்கம் உங்களுக்குள் வைத்துக்கொள்ள முடியுமா? சும்மா கொடுக்கச் சொல்லவில்லை. நீங்கள் காசு போட்டு வாங்கியது.

எம்டன் கப்பல் குண்டு போட்ட 1914 செப்டம்பர் 22 நமக்கு இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது, ஹைகோர்ட் மதில் பக்கம் கல் வைத்திருக்கிறோம், எம்டன் என்ற பேரையே ஒரு ஆளுடைய குணத்துக்குச் சொல்லி வைத்திருக்கிறோம். அந்தக் கப்பல் இந்தக் கரைக்கு வந்தது சில நிமிஷம். இந்தக் கரையிலிருந்து அந்தப் போருக்குப் போனவர்கள் வருஷக்கணக்கில் போனார்கள், அவர்களுடைய பெயர்கள் நம்மிடம் இல்லை. பெரிய விருது வாங்கியவர்களைத் தெரிகிறது. 1944 பிப்ரவரியில் இத்தாலியில் மிதிவெடி மேல் தானே விழுந்து மற்றவர்களைக் காப்பாற்றிய மதராஸ் சாப்பர் சுபேதார் சுப்பிரமணியன், காஞ்சிபுரம் பக்கத்துக்காரர், ஜார்ஜ் கிராஸ் கொடுத்ததால் அவர் பெயர் பதிவில் நின்றது. விருது இல்லாமல் திரும்பி வந்து ஏர் பிடித்தவர், ரயில்வேயில் கலாசியாகச் சேர்ந்தவர், அவர்களுக்கு இந்த விளிம்பு எழுத்தை விட்டால் வேறு என்ன இருக்கிறது?

பஞ்சாபில் என்ன நடந்தது தெரியுமா. முதல் போர் முடிந்ததும் ஊர் ஊராக யார் யார் பட்டாளத்துக்குப் போனார்கள் என்று எழுதிய பதிவேடுகள் லாகூர் மியூசியத்தில் கிடந்தன, சுமார் 3,20,000 பேர். யாரும் தொடாமல் கிடந்ததை எடுத்து 2021ல் கணினியில் ஏற்ற ஆரம்பித்தார்கள். வெளிநாட்டில் பிறந்து வளர்ந்த பேரப்பிள்ளைகள் கிராமத்துப் பெயரைப் போட்டு, தாத்தாவின் அப்பா பெயரைக் கண்டுபிடித்தார்கள். அதைப் படித்த அன்றைக்கு எனக்குத் தூக்கம் வரவில்லை. அங்கே பேப்பர் பிழைத்தது. இங்கே சென்னையில் தினமும் எத்தனையோ கைகள் வழியாகப் போகும் உலோகத்தில் இருக்கிறது அந்தப் பதிவேடு, துண்டு துண்டாக. தங்கசாலையில் நூறு கடைக்காரர்கள் வருஷத்துக்கு இரண்டு மெடலைப் படம் எடுத்தால் இருநூறு பெயர். அதைத் தொகுக்க ஆட்கள் இருக்கிறோம், நான் முதல் ஆள். சவுகார்பேட்டைக்கோ மூர் மார்க்கெட்டுக்கோ எங்கே கூப்பிட்டாலும் நானே வந்து விளிம்பைப் படித்து எழுதித் தருகிறேன், ஒரு பைசா வேண்டாம், மெடலை எனக்கு விற்கவும் வேண்டாம். எழுத்து மட்டும் போதும், அப்புறம் உங்கள் வியாபாரம் உங்களுடையது.

தாம்பரம் மெடலில் உள்ள பெயரையும் எண்ணையும் இங்கே போடாததற்குக் காரணம், உண்மையான குடும்பத்தைப் பிரித்துப் பார்க்க எனக்கு ஒரு அடையாளம் வேண்டும். தாத்தாவோ கொள்ளுத்தாத்தாவோ கர்நாடிக் படையில் இருந்தார், இரண்டு மூன்று வருஷம் முன்பு தாம்பரம் பக்கத்தில் வீடு காலி செய்தோம், மூட்டையில் ஒரு வெள்ளி மெடல் போய்விட்டது என்று யாராவது இருந்தால், அவர் பெயரையும் சொந்த ஊரையும் எழுதிக்கொண்டு வாருங்கள். வெள்ளிக்கிழமை காலை எட்டரையிலிருந்து பத்து மணி வரை பல்லாவரத்தில், பழைய பூட்டு விற்கும் வரிசையில்தான் இருப்பேன். மெடல் மேல்சட்டைப் பையில் இருக்கும். பணம் வேண்டாம், எடுத்துப் போகலாம்.

இப்படிக்கு,
பசராவுக்குப் போய் வந்த ஒருவரின் கொள்ளுப்பேரன்,
பெரம்பூர், சென்னை.